கீற்றிலிருந்து கான்கிரீட் வரை: நம் புளியந்தோப்பின் கூரைக் கதை



கத்திரி முடிந்து பல நாளாகிறது. வெயில் மட்டும் முடிந்தபாடில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேரன் ஒருவன், "ஆயா, ஏசி இல்லாத காலத்துல எப்படித்தான் இருந்தீங்க?" என்று கேட்டிருந்தான். ஆளுக்கொரு பதில் போட்டார்கள். அப்போது மரம் இருந்தது, இவ்வளவு வெயிலே இல்லை, உடம்பில் தெம்பு இருந்தது என்றெல்லாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. 35 வருடம் வரலாற்றுப் பாடம் நடத்தியவளின் பதில் ஒரே சொல்தான்: கூரை.

என் ஆயுளுக்குள் நம் ஏரியாவில் தலைக்கு மேலே மூன்று கூரைகள் வந்துவிட்டன. கீற்று, ஷீட்டு, கான்கிரீட். கீற்று குளிர்ந்தது, ஆனால் எரிந்தது. மற்ற இரண்டும் எரியவில்லை, ஆனால் சுடுகின்றன. தீயில் போன உயிர்களை எண்ணினோம், அதனால் கூரையை மாற்றினோம். சூட்டில் போகும் உயிர்களை யாரும் எண்ணவில்லை, அதனால் அந்தக் கூரை அப்படியே இருக்கிறது. இன்றைய பாடம் இவ்வளவுதான். கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் மோர் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நம் ஊர் வெயிலைப் பற்றி. புளியந்தோப்பிலிருந்து கடல் கூப்பிடு தூரம் இல்லை என்றாலும் அதிகத் தூரமும் இல்லை. ராயபுரம் தாண்டினால் காசிமேடு. கோடைப் பகலில் தரை சூடாகி, கடலிலிருந்து காற்று உள்ளே வரும். அது பதினொரு மணிக்கோ பன்னிரண்டுக்கோ வந்துவிட்டால் அன்று பிழைத்தோம். மேற்கே இருந்து அடிக்கும் காய்ந்த காற்று பலமாக இருந்தால் கடற்காற்றை உள்ளே விடாது. அது மூன்று, நான்கு மணிவரை வெளியே நிற்கும் நாளில்தான் 40 டிகிரியைத் தாண்டும். மே கடைசியிலும் ஜூன் முதல் வாரங்களிலும் அந்த மேலக்காற்று வலுக்கிறது. பஞ்சாங்கத்தில் கத்திரி முடிந்த பிறகும் நாம் வேகுவது அதனால்தான். 2003-ஆம் வருடம் மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னையின் உச்சம் அதுதான். 2023-இல் ஜூன் 7 அன்று திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலுக்காக 12, 14 தேதிகளுக்குத் தள்ளிவைத்தார்கள். ஓய்வுபெற்ற பிறகும் பள்ளித் திறப்புத் தேதியைப் பார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். வானிலை நிலையம் சொல்கிற டிகிரி, வெள்ளை அடித்த காற்றோட்டமான மரப்பெட்டிக்குள், நிழலில் அளந்தது. உங்கள் வீட்டு ஷீட்டுக்குக் கீழே எவ்வளவு என்று எந்தச் செய்தியும் சொல்வதில்லை.

இனி கூரைக்கு வருவோம்.

புளியந்தோப்பு என்ற பெயரிலேயே மரம் இருக்கிறது. நானறிந்து இங்கே தோப்பு இல்லை. பெயர் மட்டும் மிஞ்சியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரம்பூர் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் வந்தன. நம் தாத்தாக்கள் 'பின்னி மில்' என்பார்கள். ஆலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும். ஆலை வேலைக்கும், ரயில்வே வேலைக்கும், ஆடுதொட்டி வேலைக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் வந்தவர்கள் ஓட்டேரி நல்லா ஓரத்திலும் வெற்றுத் தரையிலும் குடிசை போட்டுக்கொண்டார்கள். சவுக்குக் கழி, மூங்கில், தென்னங்கயிறு, முடைந்த கீற்று, மண் சுவர். வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்து ஆளும் சேர்ந்தால் இரண்டு நாளில் ஒரு வீடு எழும்பிவிடும்.

கீற்றை ஏழைக் கூரை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அது அறிவுள்ள கூரை. அடுக்கடுக்காக வேய்ந்த ஓலைகளுக்கு நடுவே காற்று அடைபட்டு நிற்கும். அந்தக் காற்றுதான் வெயிலைத் தடுக்கும். உள்சூடு ஓலை இடுக்குகள் வழியே மேலே போய்விடும். வெயில் தாழ்ந்த ஒரு மணி நேரத்தில் கூரையும் ஆறிவிடும், ஏனென்றால் சூட்டைச் சேர்த்துவைக்க அதில் கனம் கிடையாது. தரையைச் சாணம் போட்டு மெழுகி, ஓரத்தில் மண்பானைத் தண்ணீர் வைத்திருப்பார்கள். எங்கள் ஆயா வீட்டில் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குக் குனிந்து உள்ளே நுழைந்தால் கண் இருட்டும், உடம்பு குளிரும். பேரனுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

ஆனால் அதே கீற்றுக்கு இன்னொரு முகம் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் புதுக் கீற்று மாற்றுவது வழக்கம். அப்படி மாற்றிய கீற்று சித்திரை, வைகாசிக்குள் கருகருவென்று காய்ந்து சருகாகிவிடும். உள்ளே சிம்னி விளக்கு, கிருஷ்ணாயில் அடுப்பு, விறகு அடுப்பு. வெளியே மேலக்காற்று. குடிசைக்கும் குடிசைக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. வெயில் தானாகத் தீ மூட்டுவதில்லை பிள்ளைகளே, தீக்கு எல்லாவற்றையும் தயார் செய்து வைக்கிறது. ஒரு பொறி போதும். பத்து நிமிடத்தில் ஒரு வரிசை போய்விடும், அரை மணியில் ஒரு குப்பமே போய்விடும்.

கோடை விடுமுறை என்றால் இன்றைய குழந்தைகளுக்குக் கொடைக்கானல். எங்களுக்கு அது தீ சீசன். ராத்திரி யாராவது 'நெருப்பு' என்று கத்தினால் எங்கே, எந்தப் பக்கம் காற்று என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆண்கள் தொரட்டிக் கோலை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அணைக்க இல்லை, எரிகிற வீட்டுக்கு அடுத்த இரண்டு மூன்று வீடுகளின் கூரையை இழுத்துக் கீழே போட்டால்தான் தீ அதற்கு மேல் தாவாது. எரியாத வீட்டை இடித்து மற்றவர் வீட்டைக் காப்பாற்ற வேண்டும். எந்த வீட்டை இடிப்பது என்று முடிவெடுக்க அரை நிமிடம்கூட இருக்காது. பெண்கள் முதலில் குழந்தையைத் தூக்குவார்கள், அடுத்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் தகர டப்பாவை. எங்கள் ஆயா அந்த டப்பாவை வருடம் முழுக்க வாசற்படி ஓரத்திலேயே வைத்திருந்தது ஏன் என்று எனக்குப் பெரியவளான பிறகுதான் புரிந்தது.

ஓலைக்கூரை ஆயுதமாகவும் பயன்பட்டிருக்கிறது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1921-இல் ஆலையில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அந்த மாதங்களில் தொழிலாளர்களுக்குள் பிளவு உண்டாகி, புளியந்தோப்பில் குடிசைகள் கொளுத்தப்பட்டன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. யார் பக்கம் எவ்வளவு தவறு என்பது தனிப் பாடம், இன்னொரு நாள் எழுதுகிறேன். இங்கே சொல்ல வருவது வேறு. ஒரு தீக்குச்சியால் ஒரு தெருவையே அழிக்க முடிகிற இடத்தில் நம் முன்னோர்கள் குடியிருந்தார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த துன்பம் இல்லை. லண்டனில் 1212-இல் பெருந்தீ வந்த பிறகு, புதுக் கட்டடங்களுக்கு ஓலை, வைக்கோல் கூரை கூடாது என்று கட்டளை போட்டார்கள். ஆனாலும் மரவீடுகள் நெருக்கியடித்து நின்றன. 1666-இல் மழையில்லாத நீண்ட கோடை. மரமெல்லாம் காய்ந்து கிடந்தது. செப்டம்பர் 2 விடியற்காலை ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ, கிழக்குக் காற்றோடு சேர்ந்து நான்கு நாளில் பழைய லண்டனின் பெரும்பகுதியைத் தின்றது. கோடைக் கடைசி, காய்ந்த பொருள், காற்று, நெருக்கம். நம் குப்பத்துத் தீயின் அதே நான்கு காரணங்கள். அதற்குப் பிறகு அங்கே செங்கல்லாலும் கல்லாலும் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது.

நமக்கு அந்தத் திருப்பம் 300 வருடம் கழித்து வந்தது. 1967-இல் எனக்கு 11 வயது. அண்ணா முதலமைச்சரானார். குடிசைகள் அடுத்தடுத்து எரிந்துகொண்டிருந்த காலம் அது. 'தீப்பிடிக்காத வீடுகள்' என்ற சொல்லை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். எங்கள் தெருவில் அதைச் சாமி பெயர் போலச் சொல்வார்கள். 1970-இல் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் தோன்றியது. இராம. அரங்கண்ணல் அதன் தலைவராக இருந்தார். 1971-இல் அதற்கான சட்டம் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் ஆயிரம் வாக்குறுதி தந்திருப்பார்கள். ஆனால் ஓர் அரசாங்கம் கூரையைப் பற்றி யோசித்து ஒரு வாரியமே வைத்தது பெரிய செய்தி. நம் பகுதியில் மூன்று மாடி, நான்கு மாடி குடியிருப்புகள் எழும்பின. அந்த வீட்டுச் சாவியை வாங்கிய அன்று எங்கள் பெரியம்மா, "இனிமே ராத்திரி தூங்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையின் மதிப்பு, குடிசைத் தீயைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இன்றைய சூட்டைப் பற்றி எழுதுவதால் அந்தத் திட்டத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கான்கிரீட் கூரை நம் ஜனங்களின் உயிரைக் காத்த கூரை.

வாரிய வீடு கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கீற்றைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுப் போட்டார்கள், சிலர் தகர ஷீட்டு. தீப்பிடிக்காது, வருடா வருடம் மாற்றவும் வேண்டாம். ஒரு தலைமுறையே அதைக் கௌரவமாக நினைத்தது. 'ஓலை வீடு' என்று சொன்ன இடத்தில் 'ஷீட்டு வீடு' என்று சொன்னால் பெண் கொடுப்பார்கள். அந்த ஷீட்டு எவ்வளவு மெல்லிசு என்று உங்களுக்கே தெரியும். பத்து மணிக்கு வெயில் ஏறினால் பத்தரைக்கு உள்ளே அடுப்பு மாதிரி. கான்கிரீட் அதற்கு நேர்மாறு. பகலில் மெதுவாகத்தான் சூடாகும், ஆனால் பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவு ஏழு மணியிலிருந்து நடுச்சாமம் வரை உள்ளே இறக்கும். மேல்மாடியில் குடியிருக்கிறவர்கள் கையைத் தூக்கிக் கூரையைத் தொட்டுப் பாருங்கள். சூரியன் போன பிறகும் நம் தலைக்கு மேல் சூரியன் இருக்கிறது.

"அப்படியானால் கீற்றுக்கே திரும்பலாமே டீச்சர்" என்று கேட்பீர்கள். கூடாது. தமிழ்நாடு அதற்குக் கொடுத்த விலை அதிகம். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயிலில் யாகசாலைப் பந்தல் எரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த கொட்டகை எரிந்து 28 பேர். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் பந்தல் எரிந்து மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள். அதே 2004, ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைகள். சமையல் கட்டுக் கீற்றில் பிடித்த தீ, மாடி வகுப்பறையின் கீற்றுக்குத் தாவியது. வெளியே வர குறுகலான ஒரு வழி.

அன்று நான் வகுப்பில் இருந்தேன். செய்தி வந்ததும் ஆசிரியர் அறையில் ஒருவரும் பேசவில்லை. அவரவர் வகுப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கையை மனதுக்குள் போட்டுப் பார்த்தோம். 94 என்றால் என் இரண்டு வகுப்புகள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். நான் வேலை பார்த்த பள்ளியிலும் ஒரு கொட்டகை இருந்தது. கோடையில் பிள்ளைகள் சண்டை போட்டு இடம் பிடிக்கும் வகுப்பு அது, அவ்வளவு குளிர்ச்சி. பிரித்த இடத்தில் ஷீட்டுப் போட்டார்கள். அடுத்த ஏப்ரலில் அதே இடத்தில் பரிட்சை எழுதும்போது இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். தீயைப் பற்றிப் படித்த பாடத்தை உடனே நிறைவேற்றினோம். சூட்டைப் பற்றிய பாடத்தை யாரும் நடத்தவே இல்லை.

கூரையை மாற்றியதால் தீ ஒழிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேறப் போன இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே எரிந்தது பெருமரங்களை விட ஆளுயரக் காய்ந்த புல்தான். காய்ந்த புல்லும் காய்ந்த கீற்றும் ஒரே ஜாதி. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். கீழே இருக்கும் தீ மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடும். மனிதன் ஏறி ஓடும் வேகத்தைவிடத் தீ ஏறும் வேகம் அதிகம். மலைக்குப் போகும் பிள்ளைகள் இந்த ஒன்றை மனதில் வையுங்கள்: பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை புல் மலைகளில் கால் வைக்கும் முன் வனத்துறையைக் கேளுங்கள். தீயைக் கண்டால் சரிவில் மேலே ஓடாதீர்கள்.

நமக்குக் காடு இல்லை, குப்பைமேடு இருக்கிறது. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு சுமார் 340 ஏக்கர். மட்கும் குப்பைக்குள் மீத்தேன் வாயு உண்டாகும். கோடையில் மேலே காய்ந்த காகிதம், பிளாஸ்டிக், கீழே வாயு. பிடித்தால் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும், மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காது. 2022 ஏப்ரலில் பெருங்குடியிலும், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும் பல நாள் எரிந்தன. வடக்குப் பக்கம் புகை எழும் நாளில் வியாசர்பாடியிலும் நம் பக்கத்திலும் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்துகிறோம். சுடுகிற கூரைக்குக் கீழே ஜன்னலையும் சாத்திவிட்டால் என்ன ஆகும்? வெயிலும் தீயும் சேர்ந்து நம்மை நெருக்கும் இடம் இதுதான்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

சென்னை 45 டிகிரியைத் தொட்ட அதே 2003-இல், கோடைக் கடைசியான ஆகஸ்டில், பிரான்ஸ் நாட்டில் வெப்ப அலை வந்தது. சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பணக்கார நாடு, நல்ல ஆஸ்பத்திரி, சுத்தமான தண்ணீர். அப்புறம் எப்படி? இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், அதிலும் தனியாக இருந்தவர்கள் நிறைய. பிள்ளைகள் ஆகஸ்டு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். பாரிஸ் கட்டடங்களின் கடைசி மாடி அறைகள் துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைக்கு நேர் கீழே இருப்பவை. கூரைக்குக் கீழேயே குடியிருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று பின்னால் ஆராய்ந்து சொன்னார்கள். நம் ஷீட்டு வீட்டு ஆயாவுக்கும் பாரிஸ் மேல்மாடிப் பாட்டிக்கும் நடுவே கடல்கள் இருக்கின்றன. கூரை ஒன்றுதான்.

15,000 என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? எல்லா இறப்புச் சான்றிதழிலும் 'வெயில்' என்று எழுதியிருக்கவில்லை. அந்த நாட்களில் இறந்த மொத்தப் பேரை, முந்தைய வருடங்களில் அதே நாட்களில் இறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். கூடுதலாக எத்தனை பேர் என்று பார்த்தார்கள். நம் நாட்டிலும் ஆமதாபாத்தில் இப்படிக் கணக்குப் போட்டார்கள். 2010 மே மாத வெப்ப அலையில், வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான் 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முன்னெச்சரிக்கை, ஆஸ்பத்திரியில் தனி ஏற்பாடு, தண்ணீர், கூரைக்கு வெள்ளைப் பூச்சு எல்லாம் அதில் அடக்கம்.

எண்ணிக்கையின் சக்தியைப் பாருங்கள். குடிசை எரிந்தால் மறுநாள் பேப்பரில் வரும், அமைச்சர் வருவார், அரிசி, வேட்டி, சேலை, பணம் வரும், கடைசியில் வாரியமே வந்தது. வெயிலில் எழுபது வயதுக்காரர் ஒருவர் மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "வயசாயிடுச்சு. நெஞ்சு வலி போல இருக்கு." சங்கு ஊதி, மாலை போட்டு, எடுத்துவிடுகிறோம். வயதும் இதயமும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த இதயம் இரண்டு வாரம் இரவிலும் ஆறாத ஓர் அறையில் ஓடிக் களைத்திருந்தது என்பதை யார் எழுதுவார்கள்? நம் தெருவில் மே, ஜூன் மாதங்களில் மட்டும் எத்தனை பந்தல் போட்டோம் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சி பார்க்கப் போன கூட்டத்தில் 5 பேர் உயிரிழந்தார்கள். கோடை முடிந்து நான்கு மாதம் ஆகியும் வெயில் ஆளைச் சாய்த்தது. அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. பணத்தைவிட ஒன்றை நான் பெரிதாக நினைக்கிறேன். இனிமேல் அந்த இறப்புக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயர் டாக்டர் கையெழுத்தில் வர வேண்டும். வீட்டிலேயே இறந்து, யாரும் எதுவும் கேட்காமல் எடுத்துவிட்டால் வராது. என் மாணவர்களில் டாக்டர்களும் நர்ஸ்களும் மாநகராட்சி ஊழியர்களும் இருக்கிறீர்கள். உங்கள் ஒரு வரியில் ஒரு தெருவின் கூரை மாறும் என்பதை மறக்காதீர்கள்.

சரி, எரியாமலும் சுடாமலும் ஒரு கூரை கிடையாதா? இருந்தது, நம் ஊர்ப் பெயரிலேயே. 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களை நிற்கவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு. அந்தக் கனத்தில் பகல் வெயில் கீழே இறங்கவே இரவாகிவிடும். உள்ளே உயரமான கூரை, காற்றுப் போக ஜன்னல். ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் பார்க்கலாம். தலையில் ஜல்லி சுமந்து அந்தக் கூரையை அடித்த பெண்கள் சாயங்காலம் கீற்றுக் குடிசைக்குத்தான் திரும்பினார்கள். எரியாமல் குளிர்ந்திருக்கும் கூரை இந்த ஊருக்குத் தெரியாமல் இல்லை. யாருக்கு அது என்பதில்தான் வேற்றுமை.

இன்று தேக்கும் கடுக்காயும் தேடிப் போக வேண்டியதில்லை. கான்கிரீட்டின் மேல் சுர்க்கி போட்டு வெள்ளை ஓடு பதிக்கலாம். அதற்கும் வசதி இல்லையென்றால் கூரைக்கு வெள்ளை அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கீழே சில டிகிரி குறையும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்று குளிர்கூரைக் கொள்கையே வகுத்தது. 'தீப்பிடிக்காத வீடு' என்று ஒரு காலத்தில் நம் அரசு கொடுத்த வாக்குறுதியோடு, இப்போது 'சுடாத வீடு' என்று ஒன்றையும் சேர்த்துக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. வீட்டுவசதி வேலையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் என் பிள்ளைகள் இதை ஒரு மனுவாக எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஒவ்வொருவரும் மூன்று வேலை.

முதல் வேலை: உங்கள் தெருவில் மேல்மாடியிலோ ஷீட்டு வீட்டிலோ தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை கதவைத் தட்டுங்கள். போன் போதாது, முகத்தைப் பாருங்கள். குழறிப் பேசினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பப் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, அவர் எவ்வளவு நேரம் எந்த அறையில் இருந்தார் என்பதை டாக்டரிடம் சொல்லி எழுதவையுங்கள்.

இரண்டாவது: ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு பேர், ஒரு டின் சுண்ணாம்பு. உங்கள் மாடியிலிருந்து தொடங்கி, அடுத்து அந்தப் பெரியவர் வீட்டுக் கூரை. ஷீட்டின் மேல் நடக்காதீர்கள், உடைந்துவிடும். ஏணி வைத்து ஓரத்திலிருந்து அடியுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மூன்றாவது: வெயில் காலம் முடியும்வரை குப்பையைக் கொளுத்தாதீர்கள், காய்ந்த இலையையும்கூட. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக இன்னும் நாம் மரம் வைத்த பாடில்லை. இருக்கிற நாலு மரத்தடியிலும் நெருப்பு வைத்தால் யாருக்கு நிழல்?

எரியும் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கூரையைத் தொரட்டியால் இழுத்துப் போட்ட ஜனங்கள் நாம். தீ என்றால் கூப்பிடாமலே ஓடி வந்த தெரு இது. சூடு சத்தம் போடாது, வெளிச்சம் காட்டாது, 'நெருப்பு' என்று யாரையும் கத்தவைக்காது. அதனால் இதற்கு நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய குடிசைத் தீயைப் பார்த்த பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். எந்த வருடம், எந்தத் தெரு, எத்தனை வீடு என்று குறித்துவைப்போம். யார் தெருவில் வெள்ளை அடித்தீர்கள் என்பதையும் போடுங்கள். வீட்டுப்பாடம் செய்தவர்களுக்கு டீச்சர் கையால் பானகம் உண்டு.

எல்லோரும் தண்ணீர் குடியுங்கள். நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்,
புளியந்தோப்பு.